அடியோடு வெட்டிட்டாங்களா உங்க ஜாதிமல்லிக் கொடியை? பதறாதீங்க... மறுபடியும் பூக்க வைக்கலாம்!

பொங்கலுக்கு பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்கள். "சுவரெல்லாம் கொடி அடைச்சுக்கிட்டு இருக்கும்மா, கொஞ்சம் ஒதுக்கிக்கிறோம்" என்கிறார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். சாயங்காலம் வந்து பார்த்தால், மொட்டைமாடி வரைக்கும் படர்ந்திருந்த ஜாதிமல்லி, வாசலில் குவியலாகக் கிடக்கிறது. மண்ணுக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு நாலைந்து குச்சிகள் மட்டும் நிற்கின்றன. ஒரு இலைகூட இல்லை.

ஆள்தான் வேறு வேறாக இருப்பார்கள். சில வீடுகளில் தோட்டவேலைக்கு வந்தவர், சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், சிலருக்கு கேபிள் இழுக்க வந்தவர், கிராமத்தில் கேட்டைத் திறந்து போட்ட நேரத்தில் நுழைந்த ஆடு. சில வீடுகளில், "கொஞ்சம் ட்ரிம் பண்ணலாமே" என்று கத்தரிக்கோலை எடுத்த நாமேதான்!

"செடிதானே, நர்சரியில வேற ஒண்ணு வாங்கிக்கலாம் விடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்தக் கொடியை அம்மா ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருப்பார் என்பதும், அதில் பறித்த பூவைத்தான் மகளின் வளைகாப்புக்குக் கட்டினோம் என்பதும் அவர்களுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

முதலில் ஒரு மூச்சு விட்டுக்கோங்க. நல்ல வேர் பிடித்த பல்லாண்டுக் கொடிகள் பெரும்பாலும் இந்த மாதிரி வெட்டைத் தாங்கும். வெட்டுக்குப் பிறகு பதற்றத்தில் நாம் ஊற்றுகிற தண்ணீரையும் கொட்டுகிற உரத்தையும்தான் அவற்றால் பல நேரங்களில் தாங்க முடிவதில்லை. வெட்டுப்பட்ட கொடியை எப்படி மீட்பது, எதைச் செய்யக் கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விவசாயிகள் வருஷா வருஷம் செய்வதுதான் இது!

மல்லிகைத் தோட்டங்களில் இதே வெட்டுக்கு 'கவாத்து' என்று பெயர். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லிக்கு (தென் மாவட்டங்களில் பிச்சி) டிசம்பர் கடைசியிலும், முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்வது தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் முறை. தரையிலிருந்து சுமார் 45 செ.மீ, அதாவது ஒன்றரை அடி மட்டும் விட்டுவிட்டு மேலே உள்ள அத்தனையையும் வெட்டிவிடுவார்கள். வெட்டி முடித்த தோட்டத்தைப் பார்த்தால் வெறும் குச்சிக்காடாகத்தான் இருக்கும். நவம்பரில் அப்படி வெட்டிய குண்டுமல்லிதான் மார்ச்சில் பூத்து, மார்க்கெட்டை நிறைக்கிறது.

பொங்கல் பெயின்ட் நேரத்தில் உங்கள் ஜாதிமல்லி முழங்கால் உயரத்துக்கு வெட்டுப்பட்டிருந்தால், யோசித்துப் பாருங்க... கிட்டத்தட்ட சரியான நேரத்தில், சரியான உயரத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டினால் எப்படித் துளிர்க்கிறது? கொடியின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை 'ஆக்ஸின்' என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். "நான் மேலே வளர்கிறேன், நீங்கள் சும்மா இருங்கள்" என்று பக்க மொட்டுகளை அது அடக்கிவைக்கும். நுனி போனதும் அந்த அதட்டல் நின்றுவிடும். கணுக்களில், பட்டைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். வேரிலும் அடித்தண்டிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்துதான் அவற்றுக்கு முதல் சாப்பாடு.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஜாதிமல்லி, முல்லை, குண்டுமல்லி எல்லாமே புதுத் துளிரில்தான் பூக்கும். பழைய முற்றிய தண்டில் பூ குறைவு. அதனால் கொடி திரும்பி வந்தால், முன்பைவிட அதிகமாகவே பூக்க வாய்ப்பு உண்டு.

நகத்தால் ஒரு கீறல்... உயிர் இருக்கா?

நிற்கிற குச்சியின் பட்டையை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்க.

* உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது.
* பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் காய்ந்துவிட்டது. அதற்காகச் செடியே போய்விட்டது என்று அர்த்தமில்லை. இன்னும் இரண்டு அங்குலம் கீழே சுரண்டிப் பாருங்க. பச்சை தெரியும் இடம்வரை இறங்கி வாங்க.
* தண்டு முழுக்கக் காய்ந்திருந்தாலும், அடியில் மண்ணை ஒட்டிய இடத்தில் பச்சை இருந்தால் நம்பிக்கை உண்டு.
* தரைமட்டத்துக்கு வெட்டியிருந்தால் சுரண்ட ஒன்றும் இருக்காது. அப்போது வேரைத் தோண்டிப் பார்க்காதீங்க. வேர் அசையாமல் இருப்பதுதான் இப்போது அந்தச் செடிக்கு இருக்கிற ஒரே சொத்து.

கொடியின் வயதும் முக்கியம். மூன்று, நான்கு வருஷமாக மண்ணில் ஊன்றிய கொடி என்றால் சேமிப்பு நிறைய இருக்கும். போன மாதம்தான் வைத்த கன்று என்றால் பிழைப்பது கொஞ்சம் சிரமம்.

அன்றைக்கே செய்ய வேண்டிய நாலு வேலைகள்

1. வெட்டிய கொடியைக் குப்பையில் போடாதீங்க!

இதுதான் முதல் வேலை. அந்தக் குவியல்தான் உங்களுடைய 'இன்ஷூரன்ஸ்'. பென்சில் தடிமனில், ரொம்ப இளசாகவும் இல்லாமல் ரொம்ப முற்றலாகவும் இல்லாத தண்டுகளைத் தேர்ந்தெடுங்க. ஒவ்வொன்றும் அரை அடி நீளத்தில், மூன்று நான்கு கணுக்களோடு இருக்கட்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்க. மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த சின்னத் தொட்டியில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, நிழலில் வையுங்க. மண் ஈரமாக இருந்தால் போதும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு மாதங்களில் வேர் பிடிக்கும்.

பத்துக் குச்சி வைத்தால் நாலு பிழைத்தாலும் லாபம்தான். தாய்ச்செடி வராமல் போனாலும் அம்மா வைத்த அதே கொடி உங்கள் வீட்டில் இருக்கும். வெட்டிய தண்டுகள் காய்ந்துவிட்டால் வேர் பிடிக்காது. அன்றைக்கு நேரமில்லை என்றால், ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து மறுநாளாவது ஊன்றிடுங்க.

2. நைந்துபோன வெட்டைச் சரிசெய்யுங்க

அரிவாளால் வெட்டிய இடமும், கையால் முறித்த இடமும் நார் நாராகப் பிளந்திருக்கும். அதில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சை வரும். கூர்மையான கத்தரிக்கோலை டெட்டாலோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்துக்கோங்க. கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் வழிந்து ஓடும்படி சாய்வாக ஒரே வெட்டு. அவ்வளவுதான். 'எல்லாம் ஒரே உயரமா இருந்தா அழகா இருக்குமே' என்று மேலும் மேலும் வெட்டாதீங்க. மிச்சம் இருக்கிற ஒவ்வொரு கணுவும் ஒரு வாய்ப்பு.

மெல்லிய தண்டுகளுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. கட்டைவிரல் தடிமனுக்கு மேல் இருக்கும் வெட்டுகளில், முக்கியமாக மழைக்காலமாக இருந்தால், உரக்கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பவுடரைத் தண்ணீரில் குழைத்துப் பசையாகத் தடவலாம். கையுறை போட்டுக்கோங்க.

3. மேலே தொங்குவதை இழுக்காதீங்க

அடியில் வெட்டிவிட்டு, கிரில்லிலும் கம்பியிலும் பின்னியிருக்கும் மேல்பகுதியை அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். அதைப் பிடித்து இழுத்தால், கீழே உயிரோடிருக்கும் தண்டும் சேர்ந்து பிளக்கும். துண்டு துண்டாக வெட்டி எடுங்க. எடுக்கும் முன் ஒரு பார்வை பார்த்துக்கோங்க. அடர்ந்த கொடிக்குள் தேன்சிட்டோ, தையல்சிட்டோ கூடு கட்டியிருக்கலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவையுங்க.

4. வெயிலுக்கு மறைப்பு

இத்தனை நாளாக இலை நிழலில் இருந்த தண்டு இப்போது நேரடி வெயிலில் நிற்கிறது. டிசம்பர், ஜனவரி என்றால் கவலையில்லை. ஏப்ரல், மே என்றால் பட்டை வெந்து வெடிக்கும். மதிய வெயில் படாதபடி பச்சை நிழல்வலையோ பழைய வெள்ளை வேட்டியோ மேலே கட்டிவிடுங்க. அடியில் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, வைக்கோல் எது கிடைத்தாலும் இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்க. தண்டை ஒட்டி ஒரு கை அகலம் மட்டும் காலியாக இருக்கட்டும்.

நான் கொன்ற கொடி

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு மாடித் தொட்டியில் ஒரு பிச்சிக்கொடி இருந்தது. அம்மா வைத்தது. தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய வந்தவர், குழாய் தெரியவில்லை என்று அதை அடியோடு வெட்டிவிட்டார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயத்தில், நான் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் தண்ணீர். ஒருநாள் கடலைப்பிண்ணாக்குக் கரைசல், மறுநாள் மண்புழு உரம், அதற்கடுத்த நாள் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கைப்பிடி யூரியா. பத்தாம் நாள் இரண்டு பச்சை மொட்டுகூட எட்டிப் பார்த்தது. இருபதாம் நாள் அவை கறுத்து உதிர்ந்தன. தண்டைத் தொட்டேன், அப்படியே கையோடு வந்தது. வேரெல்லாம் பழுப்பாக, கொழகொழவென்று அழுகியிருந்தது. முகர்ந்தால் சாக்கடை நாற்றம்.

அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இலையே இல்லாத செடிக்கு எதுக்குடி இவ்ளோ தண்ணி?"

வெட்டியவர் மேல் நான் அத்தனை நாள் கோபமாக இருந்தேன். அவர் வெட்டியதில் அது சாகவில்லை.

தண்ணீர்: அம்மா கேட்ட கேள்வியில் இருக்கு பதில்

வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதி, இலைகள் வழியாக ஆவியாகத்தான் வெளியே போகிறது. இலை இல்லை என்றால் வேருக்கு உறிஞ்ச வேலையில்லை. ஊற்றுகிற தண்ணீர் மண்ணிலேயே நிற்கும். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். வேர் மூச்சுத் திணறி அழுகும். தொட்டிச் செடி என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அதனால் வெட்டுப்பட்ட கொடிக்கு இரண்டே விதி:

* முதல் நாள் மண் காய்ந்திருந்தால் மட்டும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்க. ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம்.
* அதன் பிறகு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்க. உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஈரம் தெரிந்தால் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விடுங்க.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைக்காதீங்க. உங்கள் மண், தொட்டி, வெயில் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பாருங்க. அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துடுங்க. துளிர் வந்து, இலை விரிய விரியத் தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டினால் போதும்.

உரம்: துளிர் கேட்கும்போது கொடுங்க

'பாவம், சத்து வேணுமே' என்று தோன்றும். இலை இல்லாத செடியால் அந்தச் சத்தை உடனே பயன்படுத்திக்கொள்ள முடியாது. யூரியா மாதிரி ரசாயன உரங்களை வெட்டிய கையோடு போட்டால், மண்ணில் உப்பு கூடி, இருக்கிற வேர் நுனிகளும் கருகும். புதிதாகக் கரைத்த பிண்ணாக்குக் கரைசல் ஈர மண்ணில் நொதித்து, பூஞ்சையையும் எறும்பையும் வரவழைக்கும்.

தோட்டத்தில் கவாத்து முடித்ததும் ஒரு செடிக்கு 10 கிலோ தொழு உரம் வைப்பார்களே என்று கேட்கலாம். அது மண்ணில் நிற்கும் பெரிய செடிக்கு, நன்றாக மட்கிய உரம். மெதுவாகக் கரையும். உங்கள் கொடியும் தரையில் இருந்தால் மட்கிய தொழு உரத்தைத் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகப் போடலாம். அதில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து போட்டால், வேரழுகல் வராமல் தடுக்க உதவும். வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கும். தொட்டிச் செடிக்குத் துளிர் வரும்வரை எதுவும் வேண்டாம்.

துளிர் இரண்டு மூன்று அங்குலம் நீண்டதும் ஒரு கைப்பிடி மண்புழு உரம். அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து இலைகளில் தெளிக்கலாம். மாலை நேரத்தில் தெளிப்பது நல்லது.

வாரக் கணக்கு: எப்போ என்ன நடக்கும்?

முதல் இரண்டு வாரம்: வெளியே எதுவும் தெரியாது. இந்த நாட்களில்தான் பலர் பொறுமையிழந்து எதையாவது செய்கிறார்கள். விரல் சோதனை மட்டும் போதும்.

3-4 வாரம்: கணுக்களில் கடுகு அளவில் பச்சைப் புள்ளிகள் புடைக்கும். மண்ணுக்கடியிலிருந்தும் முளை வரலாம். குளிர்காலத்தில் இது இன்னும் சில வாரங்கள் தள்ளிப்போகலாம்.

5-8 வாரம்: துளிர்கள் வேகமாக நீளும். ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து வந்தால், நல்ல தடிமனாக இருக்கும் நாலைந்தை விட்டுவிட்டு, உள்நோக்கிப் போவதையும் நோஞ்சானாக இருப்பதையும் எடுத்துடுங்க. அதுவரை துளிர் விடாத குச்சிகளை இப்போது பச்சை தெரியும் இடம்வரை வெட்டலாம். வெயில் மறைப்பை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்க.

மூன்றாவது மாதம்: ஒரு அடி நீண்ட துளிர்களின் நுனியைக் கிள்ளுங்க. மனசு வராதுதான், ஆனாலும் செய்யுங்க. ஒவ்வொரு கிள்ளலுக்கும் இரண்டு மூன்று பக்கக் கிளைகள் வரும். பூ வைப்பது அந்தக் கிளைகளில்தான். ஒன்று இரண்டு பேரை மட்டும் உயரத்துக்கு ஓடவிட்டு, மற்றவற்றைக் கிள்ளிக்கிட்டே இருந்தால், கொடி அடியிலிருந்து நுனிவரை அடர்த்தியாக வரும்.

அதன் பிறகு, வெயில் நன்றாகப் படும் இடமாக இருந்தால், அடுத்த பருவத்திலேயே மொட்டு பார்க்கலாம். தினமும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் இல்லாத இடத்தில் இலை வரும், பூ வராது.

பாரி தேர் கொடுத்தார்... நாம ஒரு மூங்கில் கழி கொடுக்கலாமே!

துளிர் அரை அடி வந்ததும் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். கொழுகொம்பு கிடைக்காத துளிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முடிச்சாகிவிடும். துளிர் வருவதற்கு முன்பே மூங்கில் கழியை ஊன்றிவிடுவது நல்லது. பிறகு ஊன்றினால் புது வேர்கள் அறுபடும்.

கட்டுவதற்கு இரும்புக்கம்பியோ பிளாஸ்டிக் டேக்கோ வேண்டாம். தண்டு தடிக்கும்போது அது கழுத்தை நெரிக்கும். வாழைநாரோ பழைய பருத்திப் புடவைக் கிழிசலோ எடுத்து, கழிக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு முறுக்கு விட்டுத் தளர்வாகக் கட்டுங்க. தானாகச் சுற்றும் கொடியை அது சுற்றும் திசையிலேயே விடுங்க. எதிர்த்திசையில் சுற்றிவிட்டால், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் பிரிந்து நிற்கும்.

சுவரை ஒட்டி ஏற்றுவதாக இருந்தால், இந்தமுறை சுவருக்கும் கொடிக்கும் நடுவில் நாலு அங்குல இடைவெளி விட்டுக் கம்பிவலை கட்டுங்க. காற்றோட்டமும் கிடைக்கும், அடுத்த பெயின்டுக்கு வெட்டும் அவசியமும் இருக்காது.

இளந்துளிர் என்றால் விருந்தாளிகளும் வருவார்கள்

புதுத் துளிர் பூச்சிகளுக்குப் பிரியாணி மாதிரி. அசுவினியும் மாவுப்பூச்சியும் முதலில் வந்து உட்காரும். வெயில் காலத்தில் இலைக்கடியில் சிவப்புச் சிலந்தி நூல் பின்னும். மொட்டு வரும் நேரத்தில் மொட்டுப்புழு துளையிடும். வாரத்துக்கு இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

கொஞ்சமாக இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினி போய்விடும். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தெடுங்க. தொடர்ந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்க. முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்துவிட்டு முழுக்கத் தெளிப்பது பாதுகாப்பு. புழு துளைத்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்க.

உங்க வீட்டுல இருப்பது வேற கொடியா?

எல்லாக் கொடிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

காகிதப்பூ: முற்றிய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். தண்ணீர் இன்னும் குறைவாகப் போதும். ஆனால் வேர் மென்மையானது. வெட்டுப்பட்ட நேரத்தில் தொட்டி மாற்றாதீங்க.

ரங்கூன் மல்லி: கவலையே வேண்டாம். வேரிலிருந்தே முளைவிட்டுக் கிளம்பும். பிறகு அதை அடக்குவதுதான் வேலையாக இருக்கும்.

சங்குப்பூ: அடித்தண்டு கட்டையாக இருந்தால் துளிர்க்கும். வராவிட்டாலும் பழைய நெற்று எங்காவது காய்ந்து கிடக்கும். அந்த விதையை ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்க.

திராட்சை: கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்துதான் காய்க்கவே வைக்கிறார்கள். வீட்டுக் கொடியும் துளிர்க்கும்.

வெற்றிலை, மணி பிளான்ட்: கணு இருந்தால் போதும். வெற்றிலைக்கு மட்டும் நிழலும் லேசான ஈரப்பதமும் தொடர்ந்து வேண்டும்.

கோவைக்காய்: கிழங்கு போன்ற வேர் உண்டு. வெட்டினால் புதுக்கொடி வரும், காயும் வரும்.

செங்காந்தள்: இது கிழங்கிலிருந்து முளைப்பது. ஒவ்வொரு வருஷமும் மேல்பகுதி தானாகவே காய்ந்து போகும். வெட்டுப்பட்டால் மண்ணைக் கிளறாமல், தண்ணீரையும் நிறுத்திவிட்டு அடுத்த பருவம்வரை காத்திருங்க. கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கோங்க.

கொடி ரோஜா: ஒட்டுச்செடியா என்று பாருங்க. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து வரும் துளிர், காட்டு ரோஜாவுடையது. அதை வளரவிட்டால் உங்கள் ரோஜா காணாமல் போகும். அடியோடு கிள்ளிவிடுங்க. பதியன் போட்டோ குச்சி ஊன்றியோ வளர்த்த ஜாதிமல்லிக்கு இந்தப் பிரச்னை இல்லை. மண்ணுக்கடியிலிருந்து வந்தாலும் அது அதே ஜாதிமல்லிதான்.

பேஷன் ஃப்ரூட்: கொஞ்சம் கஷ்டம். பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பது உறுதியில்லை. வெட்டிய தண்டுகளை உடனே பதியம் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

பாகல், புடலை, பீர்க்கன்: இவை ஒரு பருவப் பயிர்கள். வேரில் சேமிப்பு கிடையாது. அடியில் வெட்டுப்பட்டால் அழாமல் புது விதை போடுங்க!

எப்போது கைவிடலாம்?

மூன்று மாதம் வரை கொடுங்க. அதிலும் குளிர்காலத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க. அதற்குப் பிறகும் எந்தத் துளிரும் இல்லாமல், அடித்தண்டைச் சுரண்டினால் பழுப்பாகவே இருந்து, லேசாக ஆட்டினால் தண்டு மண்ணில் தளர்ந்து ஆடினால், அது போய்விட்டது என்று ஏற்றுக்கொள்ளலாம். அந்தத் தொட்டி மண்ணை அப்படியே புதுச் செடிக்குப் பயன்படுத்தாதீங்க. வெயிலில் நன்றாகக் காயவைத்து, மட்கிய உரம் கலந்த பிறகு பயன்படுத்துங்க. நிழலில் ஊன்றி வைத்த குச்சிகள் இதற்குள் வேர் பிடித்திருக்கும். அதே இடத்தில் அதே கொடியை மறுபடியும் ஏற்றலாம்.

அடுத்தமுறை ஆள் வரும்போது...

"கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க" என்று வாயால் சொல்லாதீங்க. நம்முடைய 'கொஞ்சம்' வேறு, அரிவாள் பிடித்தவரின் 'கொஞ்சம்' வேறு. எந்த இடம்வரை வெட்டலாமோ அங்கே ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக் காட்டுங்க. முடிந்தால் வேலை நடக்கும் நாளில் நீங்களே கொடியை அவிழ்த்துத் தரையில் படுக்கவைத்து, ஈரச்சாக்கால் மூடிவிடுங்க. வருஷத்துக்கு ஒருமுறை உரிய மாதத்தில் நீங்களே கவாத்து செய்துவிட்டால், 'சுவரை அடைக்குது' என்ற புகாரே வராது. நல்ல கொடியிலிருந்து ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, ஒரு பதியனையும் எடுத்துவையுங்க. மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்ததும் வெட்டி, தங்கை வீட்டிலோ தோழி வீட்டிலோ ஒன்று வளரட்டும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. நான் கொன்ற பிச்சிக்கொடியின் பதியன் ஒன்று, எப்போதோ அம்மா கொடுத்து, சித்தி வீட்டுக் கிணற்றடியில் வளர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வெட்டிவந்த குச்சிகள்தான் இப்போது எங்கள் மாடியில் பூக்கின்றன. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் நானே அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிறேன். கை கொஞ்சம் நடுங்கும். வெட்டி முடித்ததும் தண்ணீர்க் குடத்தைத் தூக்காமல் கீழே இறங்கி வந்துவிடுவேன்.